சப்மரின் வேட்டையாடி மெடல் வாங்குன நேவி பைலட் யாரு? தஞ்சாவூர் ஏரோட்ரோமுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

மன்னை_செந்தில்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அக்கா பொண்ணு ஒம்போதாவது படிக்கிது, டிசம்பர் 4 கடற்படை தினத்துக்கு ஸ்கூல்ல அஞ்சு நிமிஷம் பேசணும்னு பேரு குடுத்துட்டு வந்துருச்சு. கராச்சி துறைமுகத்த அடிச்ச கதைய எல்லாப் புள்ளைங்களும் பேசிரும் மாமா, நான் சப்மரின வானத்துலேருந்து தேடிப் புடிச்ச நேவி பைலட் யாரையாவது பத்தி பேசப்போறேன், சண்டைல மெடல் வாங்குன ஆளா இருக்கணும்னு எங்கிட்ட வந்து நிக்கிது. எனக்கு இதுல விவரம் பத்தாது, நெட்ல தேடுனா தமிழ்ல சரியா ஒண்ணும் கெடைக்கல, அதான் இங்க கேக்குறேன்.

இன்னொண்ணும் இருக்கு. எங்க அம்மாவப் பெத்த தாத்தா வல்லம் பக்கம், ரெண்டாம் உலகப்போர் சமயத்துல தஞ்சாவூர் ஏரோட்ரோமுல மண்ணு சுமக்கப் போனவரு, அங்கேருந்து வெள்ளக்காரன் பிளேனு கெளம்பி தண்ணிக்கடியில ஒளிஞ்சிருக்கற ஜப்பான்காரன் கப்பலத் தேடப் போவும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. எங்க மாமனுங்கல்லாம் தஞ்சாவூருக்கும் கடலுக்கும் என்னய்யா சம்பந்தம், நாகப்பட்டினமே 80 கிலோமீட்டருக்கு மேல இருக்கு, பெருசு கத விடுதுன்னுருவாங்க. அவரு போயி ரொம்ப வருஷம் ஆச்சு. அவரு சொன்னது நெசந்தானா? தெரிஞ்சவங்க சொன்னா புள்ள பேச்சுல அதையும் சேத்துக்கும்.

கொள்ளிடக்கரையான்:

தம்பி, உங்க தாத்தா சொன்னது நெசம். மொதல்ல அந்த சந்தேகத்த தீத்துருவோம், பைலட் பேரெல்லாம் மத்தவங்க சொல்லுவாங்க.

1942 ஏப்ரல்ல ஜப்பான் கடற்படை இந்தியப் பெருங்கடலுக்குள்ள பூந்து 5ஆம் தேதி கொழும்புல குண்டு போட்டுச்சு, 6ஆம் தேதி விசாகப்பட்டினம் காக்கிநாடா, 9ஆம் தேதி திருகோணமலை, அன்னைக்கே ஹெர்மிஸ்ங்கற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல மட்டக்களப்புக்கு நேரா மூழ்கடிச்சுட்டான். மெட்ராஸ்லேருந்து சனங்க மூட்டை முடிச்சோட ஊர்ப்பக்கம் ஓடி வந்தது அந்த மாசந்தான், உங்க வீட்டுலயே பெரியவங்க யாராச்சும் சொல்லியிருப்பாங்க. அதுக்கப்புறம் வங்கக் கடல்ல போற சரக்குக் கப்பலுக்கெல்லாம் சப்மரின் பயம், அத யாரு பாத்துக்குறதுங்கறப்பதான் நம்ம ஊரு வருது.

ராயல் ஏர்ஃபோர்ஸ்ல 36ஆம் நம்பர் ஸ்குவாட்ரன்னு ஒண்ணு, சிங்கப்பூர்ல ரெட்டை றெக்கை வச்ச அரதப்பழசான பிளேன வச்சிக்கிட்டு ஜப்பான்காரங்கிட்ட மோதி முக்காவாசி அழிஞ்சு, மிச்சம் இருந்தவங்க ஜாவாத் தீவுல மாட்டிக்கிட்டாங்க, 1942 மார்ச்சோட அந்த ஸ்குவாட்ரன் கதை முடிஞ்சுது. அத அதே வருஷம் அக்டோபர்ல திரும்பவும் உருவாக்குனது எங்கங்கிறீங்க, தஞ்சாவூர்ல. வெலிங்டன்ங்கற ரெட்டை இன்ஜின் பிளேன குடுத்தாங்க. உடம்பெல்லாம் அலுமினியத்துல கூடு மாதிரி பின்னி மேல துணி போத்துன பிளேன் அது. அவங்க வேலையே வங்கக் கடல் ஓரமா ரோந்து போயி சப்மரின் இருக்கான்னு பாக்குறதுதான். 80 கிலோமீட்டருங்கறது நமக்கு பஸ்ல ரெண்டு ரெண்டரை மணி நேரம், வெலிங்டனுக்கு இருபது நிமிஷம் கூட ஆவாது, உங்க மாமனுங்க கிட்ட இத சொல்லுங்க. மெட்ராஸ் பக்கம் செங்குன்றம் ஏரியிலயும் கேட்டலினான்னு தண்ணியில எறங்குற பிளேனுங்க இருந்துச்சு, அதுக்கும் இதே வேலைதான்.

இந்த ஸ்குவாட்ரன் 1943 ஜூன்ல வட ஆப்பிரிக்கா போயிருச்சு, மத்தியதரைக் கடல்ல அது செஞ்சதுதான் பெருசு. அந்தக் காலத்து சப்மரின் தண்ணிக்குள்ள பேட்டரியிலதான் ஓடும், பேட்டரி தீந்தா மேல வந்து டீசல் இன்ஜின ஓட்டி சார்ஜ் ஏத்தியாவணும், உள்ள இருக்கறவனுக்கும் காத்து வேணும். அதனால பாத்த எடத்துலயே கொல்லணும்னு அவசியம் இல்ல, மேல வர விடாம அமுக்கி வச்சாலே போதும். நம்மூர்ல அறுப்பு முடிஞ்சதும் வரப்புல எலி புடிக்கறவங்க பாத்திருப்பீங்கள்ல, எல்லா வளையையும் அடச்சிட்டு ஒரு வாயில பொகையப் போட்டுட்டு இன்னொரு வாயில உக்காந்துருவாங்க, அவசரமே படமாட்டாங்க, அதே வேலைதான். 1944 மே மாசம் யு-616ங்கற ஜெர்மன் சப்மரின இப்படி 3 நாள் வெரட்டுனாங்க, அமெரிக்க டெஸ்ட்ராயர் கப்பலுங்க எட்டு, கூட இந்த 36ஆம் ஸ்குவாட்ரன் வெலிங்டன் மேல, ராத்திரி பகல்னு மாத்தி மாத்தி. 17ஆம் தேதி அந்த சப்மரின் வேற வழியில்லாம மேல வந்துச்சு, 53 பேரும் உசுரோட வெளிய வந்துட்டாங்க, ஒருத்தர் கூட சாகல. எனக்கு இந்தப் போர்க்கதையெல்லாம் படிக்கறதுல ரொம்பப் புடிச்ச எடம் இது.

ஒண்ணே ஒண்ணு, பாப்பா பேசறப்ப கவனமா இருக்கணும். இவங்க ஏர்ஃபோர்ஸ், நேவி பைலட் கெடையாது.

ஐயாறன்:

அண்ணன் சொன்னது அருமை, தஞ்சாவூர் சேதி எனக்கே புதுசு. செந்தில், நேவி பைலட்டுதான் வேணும், மெடலும் வாங்கிருக்கணும்னா எனக்கு சட்டுன்னு ஞாபகம் வர்றது ரெண்டு பேரு. ரெண்டு பேருமே ஆபீசர் கெடையாது, சாதாரண ரேங்க்ல இருந்து பிளேன் ஓட்டுனவங்க, அதனாலயே எனக்குப் புடிக்கும்.

ஒருத்தரு பிரிட்டிஷ்காரரு, ஃபிரெடரிக் ரைஸ், பெட்டி ஆபீசர், பென் ரைஸ்னு கூப்புடுவாங்க. 1940 ஏப்ரல் 13, நார்வேல நார்விக்னு ஒரு எடம், ரெண்டு பக்கமும் செங்குத்தா பனிமலை, நடுவுல கடல் குறுகலா உள்ள போவும். வார்ஸ்பைட்ங்கற பெரிய போர்க்கப்பல் உள்ள நுழையறதுக்கு முன்னாடி ரைஸ் ஓட்டுன ஸ்வார்ட்ஃபிஷ் பிளேன கப்பல் மேலேருந்து கவட்டையில கல்லு விடுற கணக்கா மெஷின்ல விட்டெறிஞ்சாங்க. ஸ்வார்ட்ஃபிஷ்னா ரெட்டை றெக்கை, துணி போத்துனது, தெறந்த காக்பிட், மூணு பேரு, சக்கரத்துக்குப் பதிலா தண்ணில எறங்குற மிதவை, வேகம்னு ஒண்ணும் பெருசா கெடையாது. ஜெர்மன் டெஸ்ட்ராயருங்க எங்கெங்க ஒளிஞ்சு நிக்கிதுன்னு பாத்து பாத்து கப்பலுக்கு ரேடியோல சொல்லிக்கிட்டே போனாங்க, போற வழியில கரையோரமா நங்கூரம் போட்டு நின்ன யு-64 கண்ணுல பட்டுருச்சு. ஒடனே மேலேருந்து செங்குத்தா பாஞ்சு குண்டு போட்டாரு, அந்த சப்மரின்காரனும் சும்மா இல்ல, சுட்டதுல பிளேனோட வால்ல அடி. ஆனா சப்மரின் மூழ்கிருச்சு. 8 பேரு செத்தாங்க, 38 பேரு தப்பிச்சாங்க. அந்தப் போர்ல கடற்படை விமானம் மூழ்கடிச்ச மொத யு-போட், அதாவது ஜெர்மன் சப்மரின், அதுதான். அடிபட்ட பிளேன வச்சிக்கிட்டு அவரு திரும்பிப் போயிரல, அதுக்கப்புறமும் வேவு பாக்குற வேலைய தொடர்ந்து செஞ்சாரு, அன்னைக்கு அங்க இருந்த 8 ஜெர்மன் டெஸ்ட்ராயரும் காலி. டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் மெடல் குடுத்தாங்க.

இன்னொருத்தரு அமெரிக்கா, டொனால்ட் மேசன். மெக்கானிக் ரேங்க்ல இருந்து பைலட் ஆனவரு. 1942 ஜனவரி 28, கனடாவுக்குக் கெழக்க நியூஃபவுண்ட்லாந்து பக்கம், ஹட்சன் பிளேன். பெரிஸ்கோப்பப் பாத்தாரு, குண்டு போட்டாரு, அனுமார் சீதையப் பாத்துட்டு வந்து சொன்ன மாதிரி ரத்தினச் சுருக்கமா நாலே வார்த்தையில சேதி அனுப்புனாரு, சப்மரினப் பாத்தேன், முழுகடிச்சிட்டேன்னு. அமெரிக்கா பூரா பேப்பர்ல இதான் பேச்சு, டிஸ்டிங்விஷ்டு ஃப்ளையிங் கிராஸ் குடுத்தாங்க. போர் முடிஞ்சப்புறம் ஜெர்மன்காரன் ரெக்கார்ட எடுத்துப் பாத்தா அன்னைக்கு அந்தப் பக்கம் எந்த சப்மரினும் மூழ்கவே இல்ல. ஆனா கதை அங்க முடியல, அதே மேசன் அதே வருஷம் மார்ச் 15 யு-503ங்கறத நெஜமாவே மூழ்கடிச்சாரு, அதுல இருந்த 51 பேருல ஒருத்தரும் மிஞ்சல. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி மார்ச் 1 அவரோட ஸ்குவாட்ரன்லயே வில்லியம் டெபுனின்னு ஒருத்தரு யு-656அ முடிச்சாரு, அமெரிக்க நேவி அந்தப் போர்ல மூழ்கடிச்ச மொத யு-போட் அதுதான், ஆனா அந்தப் பேரு எத்தன பேருக்குத் தெரியும். பாப்பா மேசன எடுத்தா ரெண்டு பாதியையும் சேத்தே சொல்லணும், ஒரு பாதிய மட்டும் சொன்னா அந்த மனுசனுக்கு ஞாயம் இல்ல.

வேதை_பழையநேவி:

வணக்கம். வேதாரண்யம் பக்கந்தான் நமக்கு. அரக்கோணத்துல நேவியோட ராஜாளி தளத்துல சப்மரின் தேடுற டுபோலெவ் பிளேன் இருந்த காலத்துல தரைப்பணில வேல பாத்தவன். 1988ல ரஷ்யாவுலேருந்து 8 வாங்குனது, கோவாவுல இருந்து 1992ல அரக்கோணம் வந்துச்சு, நாலு இன்ஜின், ஒவ்வொண்ணுலயும் எதிரெதிரா சுத்துற ரெண்டு ரெண்டு விசிறி. அது கெளம்புறப்ப வயித்துக்குள்ள அதிரும். 2017 மார்ச்ல ஓய்வு குடுத்தாங்க, இப்ப அந்த எடத்துல பி-8ஐங்கற பிளேன் இருக்கு.

ஐயாறன் தம்பி சொன்ன மேசன் கதை இந்த வேலைல ரொம்ப சகஜம், அதுக்குக் காரணத்த நான் சொல்றேன். கீழ கெடக்குறது பைலட்டு கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய் மெதக்குறத வச்சி சொல்ல முடியாது, குண்டு வெடிச்சா செத்த மீனும் மெதக்கும், சப்மரின்காரனே வேணும்னு எண்ணெய வெளிய விட்டு ஏமாத்துவான். அதனால கண்ண விட காதுதான் பெருசு. சோனோபாய்னு ஒரு உருளை, பாராசூட்ல எறக்கி விடுவோம், அது தண்ணில மெதந்துக்கிட்டு ஒரு மைக்க ஒயருல கீழ எறக்கும், கீழ கேக்குற சத்தத்த ரேடியோல பிளேனுக்கு அனுப்பும். ஒரு அஞ்சாறத சுத்திப் போட்டுட்டு மேல வட்டமடிச்சுக்கிட்டே ஹெட்ஃபோன்ல கேட்டுக்கிட்டு இருக்கணும். திமிங்கலம் கத்தும், எறால் கூட்டம் பொரியறாப்புல சத்தம் போடும், மீன்புடி படகு ஓடும், அத்தனைக்கும் நடுவுல சப்மரின் விசிறிய பிரிச்சு எடுக்கணும். வாலுல நீட்டிக்கிட்டு இருக்கற காந்தக் கருவி இன்னொண்ணு, அவ்வளவு இரும்பு கீழ கெடந்தா பூமியோட காந்தத்துல லேசா ஒரு மாத்தம் வரும், அத புடிக்கும், ஆனா ரொம்பத் தாழப் பறந்தாத்தான். இதுல பைலட் மட்டும் ஹீரோ கெடையாது, ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு உக்காந்துருக்கறவருக்குத்தான் பாதி பெருமை போவணும். இத பாப்பா கண்டிப்பா சொல்லணும்னு கேட்டுக்குறேன்.

சத்தம் எப்படி ஏமாத்தும்ங்கறதுக்கு ஒரு சம்பவம். 1944 ஜூன், ஜப்பானோட ஐ-52ங்கற சப்மரின் ரெண்டு டன் தங்கத்தோட ஜெர்மனிக்குப் போயிக்கிட்டு இருக்கு, அட்லாண்டிக் நடுவுல ராத்திரில யு-530ங்கற ஜெர்மன் சப்மரின சந்திச்சு ரேடார் சம்பந்தப்பட்ட கருவியும் ஆளுங்களும் ஏத்திக்கிச்சு. இவங்க ரேடியோல பேசுனத எல்லாம் அமெரிக்காகாரன் ஒடச்சுப் படிச்சிட்டதால போக்ங்கற சின்ன விமானந்தாங்கிக் கப்பல் அங்க காத்துக்கிட்டு இருந்துச்சு. ஜெஸ்ஸி டெய்லர்னு லெப்டினன்ட் கமாண்டர், அவெஞ்சர் பிளேன், ரேடார்ல புள்ளி தெரிஞ்சதும் வெளிச்ச குண்டு போட்டுப் பாத்தாரு, கீழ சப்மரின். ரெண்டு குண்டு பக்கத்துல விழுந்துச்சு, அது முங்கிருச்சு. சோனோபாய போட்டாரு, விசிறி சத்தம் கேட்டுச்சு, சத்தத்தத் தேடிப் போற டார்பிடோ ஒண்ணு இருந்துச்சு அவருகிட்ட, அப்ப அது பரம ரகசியம், ஊருக்கு கண்ணிவெடின்னு பேரு வச்சிருந்தாங்க, அத எறக்குனாரு. கொஞ்ச நேரம் கழிச்சு வெடிச்ச சத்தம், அப்புறம் இரும்பு நொறுங்குற சத்தம். அவருக்கு மாத்தா வந்த கோர்டன்ங்கற பைலட்டுக்கும் விசிறி சத்தம் கேட்டுச்சு, அவரும் ஒண்ணு போட்டாரு, ரெண்டு பேருக்கும் சேத்து பேரு எழுதுனாங்க. அன்னைக்கு கம்பிச்சுருள்ல பதிஞ்ச சத்தம் பத்திரமா இருந்ததால, 1995ல 5,000 மீட்டருக்கும் கீழ அந்தக் கப்பல கண்டுபுடிச்சப்புறம் அத திரும்பப் போட்டு ஆராய்ஞ்சாங்க. கோர்டன் கேட்ட விசிறி தூரத்துல போயிக்கிட்டு இருந்த யு-530ஓடதுன்னும், ஐ-52அ டெய்லர் ஏற்கனவே முடிச்சிட்டாருன்னும் தெரிஞ்சுது. உள்ள இருந்த 100 பேருக்கு மேல அப்படியே போயிட்டாங்க.

நம்ம நேவிக்கு வந்தா 1971. விக்ராந்த்ங்கற நம்ம விமானந்தாங்கிக் கப்பல்ல அலிஸேன்னு பிரெஞ்சு பிளேன், மூணு பேரு, வயித்துக்குள்ளேருந்து ரேடார் கீழ எறங்கும், சப்மரின் தேடுறதுக்குன்னே செஞ்சது. அந்த டிசம்பர் 9 ராத்திரி டையூ பக்கம் நம்ம குக்ரி கப்பல பாகிஸ்தானோட ஹங்கோர் சப்மரின் மூழ்கடிச்சுது, 18 ஆபீசர், 176 மாலுமிங்க செத்தாங்க, கேப்டன் முல்லா கப்பலோடயே போயிட்டாரு, அவருக்கு மகாவீர் சக்ரா. கப்பலும் பிளேனுமா நாலு நாள் தேடுனோம், ஹங்கோர் தப்பிச்சு கராச்சி போயிருச்சு. அதுக்கு நடுவுல 10ஆம் தேதி மேக்கால கடல் ரோந்துல இருந்த ஒரு அலிஸேய பாகிஸ்தான் ஸ்டார்ஃபைட்டர் ஜெட் சுட்டுருச்சு. லெப்டினன்ட் கமாண்டர் அசோக் ராய், லெப்டினன்ட் சிரோஹி, ஏர்குரூ விஜயன், மூணு பேரும் திரும்பல. விசிறி வச்ச மெதுவான பிளேன், ஒலிய மிஞ்சுன ஜெட்டுகிட்ட அது என்ன பண்ணும். அவங்க எந்த சப்மரினையும் மூழ்கடிச்சதா கணக்கு இல்ல. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு அவங்கதான் மொத.

நாகை_டீச்சரம்மா:

ஐயா எழுதுனதப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் டைப் பண்ணத் தோணல. செந்தில் தம்பி, நான் ஸ்கூல்ல பேச்சுப்போட்டிக்குப் புள்ளைங்களத் தயார் பண்றவ, அந்த அனுபவத்துல சொல்றேன், அஞ்சு நிமிஷத்துல இத்தனையும் அடங்காது. மேசன், ஐ-52 ரெண்டையும் விட்டுருங்க, ஐயாறன் கோச்சுக்கக் கூடாது, கதை நல்ல கதைதான், ஆனா அன்னைக்கு நம்ம கடற்படை தினம். தாத்தாவோட ஏரோட்ரோமுல ஆரம்பிச்சு, ரைஸ ஒரு நிமிஷத்துல சொல்லிட்டு, அலிஸே மூணு பேருக்கு மீதி நேரத்தக் குடுக்கச் சொல்லுங்க. மெடல் வாங்குன ஆளுதான் வேணும்னு புள்ள கேட்டா, எதுக்காக இவங்களச் சொல்றேன்னு அதுவே மேடையில சொல்லட்டும், அது மனப்பாடம் பண்ணுன பேச்சா இருக்காது.

காஜி கதையும் நம்ம ஊர்க்காரரு பேரும் ஒரு வரியாவது வரணும். விக்ராந்தத் தேடித்தான் பாகிஸ்தானோட காஜி சப்மரின் வங்கக் கடலுக்குள்ள வந்துச்சு, அப்ப கிழக்குக் கடற்படைக்குத் தலைவரா இருந்த வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் நாகர்கோவில்ல பொறந்தவரு, விக்ராந்த அந்தமான்ல ஒளிச்சு வச்சிட்டு ராஜ்புத்ங்கற பழைய கப்பல விக்ராந்த் மாதிரி ரேடியோல பேச வச்சாரு. காஜி டிசம்பர் 3 ராத்திரி விசாகப்பட்டினத்துக்கு வெளிய மூழ்குனுச்சு. அவரு பைலட் இல்ல, ஆனா ரெண்டாம் உலகப்போர்லயே டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் கிராஸ் வாங்குனவரு.

அப்புறம், பொண்ணு இதப் பேசுறேன்னு தானா வந்து நிக்கிதுன்னா சும்மா விடாதீங்க. கடற்படையோட மொத பெண் பைலட் ஷிவாங்கி 2019 டிசம்பர் 2 கொச்சில றெக்கை பேட்ஜ் வாங்குனாங்க. மறுவருஷம் குமுதினி தியாகி, ரிதி சிங்னு ரெண்டு பேரு கப்பல்லேருந்து பறக்கற ஹெலிகாப்டருக்கு அப்சர்வரா தேர்வானாங்க. வேதை ஐயா சொன்ன அந்த ஹெட்ஃபோன் வேலை அவங்களோடது.

மன்னை_செந்தில்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இத அப்படியே புள்ளைக்குப் படிச்சுக் காட்டுனேன், அக்காவும் கேட்டுச்சு. தாத்தா சேதி வந்தப்ப அக்கா எந்திரிச்சுப் போயி ரெண்டு மாமனுக்கும் போன் போட்டுருச்சு, அந்த 36ஆம் நம்பர் ஸ்குவாட்ரன ரெண்டு தடவ சொல்ல வச்சி எழுதிக்கிட்டாங்களாம். பொண்ணு அலிஸேதான்னு முடிவு பண்ணிருச்சு, டீச்சரம்மா சொன்னபடி. விஜயன்ங்கற பேரு மட்டும் ஏன் கடைசில வருதுன்னு கேக்குது, நான் அத மொதல்ல சொல்லப்போறேன்னு சொல்லுது, சொல்லட்டும்.

அதுக்கு இப்ப ஒரு சப்மரினயும் சப்மரின் தேடுற பிளேனயும் நேர்ல பாக்கணுமாம், தஞ்சாவூர் ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன் உள்ள விடுவாங்களான்னு கேக்குது.

வேதை_பழையநேவி:

தஞ்சாவூர்ல உள்ள விடமாட்டாங்க தம்பி, அது இப்ப சுகோய் ஸ்குவாட்ரன் இருக்கற தளம், 2020 ஜனவரிலேருந்து பிரம்மோஸ் ஏவுகணையோட. அதுக்கும் கடல்தான் முக்கிய வேலை, அத வேணா பேச்சுல சேத்துக்குங்க.

நேர்ல பாக்கணும்னா லீவுல விசாகப்பட்டினம் கூட்டிட்டுப் போங்க. கடற்கரை ரோட்டுல குர்சுராங்கற நம்ம சப்மரின கரையில ஏத்தி மியூசியமா வச்சிருக்காங்க, ரோட்டுக்கு அந்தப்பக்கம் நாங்க வேல பாத்த டுபோலெவ்ல ஒண்ணு நிக்கிது. ரெண்டுலயும் உள்ள ஏறிப் பாக்கலாம். மொதல்ல சப்மரினுக்குள்ள கூட்டிட்டுப் போங்க, அந்தக் குறுகல்ல மனுசன் எப்படி இருந்தான்னு பாத்துட்டு அப்புறம் பிளேன்ல ஏறட்டும். பிளேன் பக்கத்துலயே சோனோபாயும் வச்சிருக்காங்க, எதுன்னு அங்க இருக்கறவங்க கிட்ட கேட்டா காட்டுவாங்க.